எட்டாம் நம்பர் ரவை

சிதம்பரத்துக்குத் தோட்டா வாங்கப் போனால் மாமாவுக்கு ஒரு முழுப் பொழுது போய்விடும். கடலூரிலும் தோட்டா கிடைக்கும்தான். அங்கே முதுநகரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் பார்த்துவிட்டு வரலாமே என்று உம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லிப் பார்ப்பார். மாமா கேட்கமாட்டார். கடலூர்ச் சரக்கு கடற்காற்றில் ஊறிப் போய்விடுகிறது, சிதம்பரத்தில்தான் காய்ந்த சரக்கு கிடைக்கும் என்பார். உம்மாவுக்குத் துப்பாக்கி விஷயம் தெரியாது. அதனால் அதற்குமேல் பேசமாட்டார்.

மாமா உம்மாவின் ஒரே தம்பி. அவர்களுடைய தாயார் சீக்கிரமே மவுத்தாகிவிட்டதால் உம்மாதான் அவரை வளர்த்தார். வாப்பா பினாங்கில் கடையில் இருந்தார். பரங்கிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு ஆண் துணை என்றால் மாமாதான். அவரிடம் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. மழைக்காலம் முடிந்து வெள்ளாற்று முகத்துவாரத்தில் காட்டுவாத்துகள் வந்து இறங்கும்போது அவர் அதைத் துடைத்து எண்ணெய் போடுவார்.

அந்தக் காலத்துத் தோட்டாக்கள் தடித்த காகிதத்தால் ஆனவை. ஈரம் பட்டால் வீங்கிப்போய்க் குழலில் நுழையாது. வெயில் அடிக்கும் நாளில் அவற்றை முறத்தில் பரப்பிக் காயவைப்பதும், காய்ந்ததும் அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பதும் என் வேலை. சோறு பொங்கும்போது ஒருநாள் வெடிக்கப் போகிறது என்று உம்மா திட்டுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எட்டாம் நம்பருக்கும் எல்.ஜி.க்கும் வித்தியாசம் தெரிந்தவள் மாமாவுக்கு அடுத்து நான்தான்.

வித்தியாசம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. தோட்டாவுக்குள் ஈய ரவை இருக்கும். எட்டாம் நம்பர் என்றால் கடுகு மாதிரி, கொட்டினால் ஒரு கை நிறைய வரும். நாலாம் நம்பர் கொத்தமல்லி விதை. எல்.ஜி. என்றால் சுண்டைக்காய் அளவு, உள்ளே கொஞ்சம்தான் இருக்கும். அதற்கும் மேலே ஒற்றைக் குண்டு. அது பன்றிக்கு. எங்கள் வீட்டு எட்டாம் நம்பர் சிவப்புக் காகிதம், எல்.ஜி. பச்சைக் காகிதம். காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன்.

பறவைக்கு எட்டாம் நம்பர்தான் என்பதில் மாமா கண்டிப்பாக இருந்தார். அதற்குக் காரணம் உண்டு. சுட்ட சூட்டிலேயே செத்துப்போன பறவை எங்களுக்கு ஆகாது. உயிர் இருக்கும்போதே பிஸ்மி சொல்லிக் கழுத்தில் கத்தி வைத்தாக வேண்டும். கடுகு ரவை இறக்கையை ஒடித்துக் கீழே தள்ளும், உயிரை எடுக்காது. ஆனால் தூரம் போகாது. பெரிய ரவை தூரம் போகும். பட்டுவிட்டால் பறவையில் அறுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. "நமக்குப் பறவ உசுரோட வேணும் புள்ள. கிட்டப் போயி, சின்னதாப் போட்டுச் சுடணும்" என்று மாமா சொல்லுவார். அவர் சுட்டதும் கத்தியை எடுத்துக்கொண்டு சேற்றில் ஓடுவது நான். என் கால் லேசு, புதையாது.

ஒரு தடவை என்னையும் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கரி எஞ்சின் ரயிலில் போய் இறங்கினோம். கடைக்காரர் பெட்டி பெட்டியாக எடுத்து வைத்தார். மாமா ஆறாம் நம்பரை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். அதை வைத்துவிட்டு நாலாம் நம்பரை எடுத்தார். மறுபடியும் ஆறு. நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கால் வலித்தது. ரவை பார்த்து வாங்குவது இவ்வளவு கஷ்டமான காரியமா என்று மாமாவை நினைத்து மலைப்பாகவும் இருந்தது. கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"பொண்ணு பாக்கறதுக்குக்கூட இவ்ளோ நேரம் ஆவாது தம்பி" என்றார்.

மாமா சிரித்தார். ஆனால் கடைக்காரரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தெருவுக்கு எதிரே மாடியில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுக்கும் இடம் ஒன்று இருந்தது. டக டகவென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. சத்தம் நின்றதும் பெண்கள் படியிறங்கி வந்தார்கள். அதே நேரத்துக்குச் சரியாக மாமாவுக்கும் ரவை முடிவாகிவிட்டது. வழக்கம்போல எட்டாம் நம்பர். அதோடு தேவையே இல்லாமல் ஒரு பெட்டி எல்.ஜி.

வெளியே வந்தபோது கறுப்புக் குடை வைத்திருந்த ஒரு அக்கா எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். நெற்றியில் சின்னப் பொட்டு. குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"இதுதான் உங்க லாத்தா பொண்ணா? காது அப்பிடியே உங்க காது."

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. மாமாவின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்த அக்கா கைப்பையிலிருந்து ஒரு கமர்கட்டு எடுத்து என் கையில் வைத்து மூடினார். அக்காவை லாத்தா என்று கூப்பிடுவது எங்கள் வீடுகளில் மட்டும்தான். அந்தச் சொல் இவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கமர்கட்டு பல்லில் ஒட்டிக்கொண்டது. ஊர் வந்து சேரும்வரை அதே வேலையாக இருந்தேன்.

மாமாவுக்கு அதற்கு முன்னால் வந்த சம்பந்தங்களையெல்லாம் அவரே ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்திருந்தார். ஒரு பெண் குட்டை, ஒரு வீடு தூரம், ஒரு மாமனார் ஜாஸ்தி பேசுகிறார். அந்த வருஷம் முதுநகரிலிருந்து ஒரு ஹாஜியார் வீட்டு இடம் வந்தது. அரிசி மண்டிக்காரர், தொழுகையாளி. வாப்பாவும் பினாங்கிலிருந்து சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார். மாமா உண்பது வாப்பா வீட்டுச் சோறு. அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். சம்மதம் என்று உம்மா எடுத்துக்கொண்டார்.

ஆனால் ஹாஜியார் பக்கமிருந்து ஒரு தடை வந்தது. மாப்பிள்ளை துப்பாக்கி தூக்குகிறவர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். செத்ததா அறுத்ததா என்று தெரியாமல் தின்கிற வீட்டுக்கு என் மகளை எப்படிக் கொடுப்பது என்று அவர் கேட்டாராம். தரகர் வந்து இதைச் சொன்னபோது உம்மாவின் முகம் வெளுத்துப் போனது. அப்புறம் ரோஷம் வந்துவிட்டது. என் தம்பி ஹலால் ஹராம் தெரியாதவன் இல்லை, ஹாஜியாரே வந்து கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும், அவர் முன்னாலேயே சுட்டு அறுத்து அன்றைக்கே ஆக்கிப் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஹாஜியாரும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. இது நல்லபடியாக முடிந்தால் நோன்பு வைப்பதாக உம்மா நேர்ந்துகொண்டார். வெயில் இல்லாத நாட்களாகப் பார்த்து வந்து தொலைத்தன. தோட்டாக்களை அடுப்படிச் சூட்டில் வைத்துக் காயவைத்தோம், பயந்து பயந்து. பறவை செத்து விழுந்துவிட்டால்? நான் ஓடும்போது கால் வழுக்கிவிட்டால்? ஒரு நிமிஷம் பிந்தினால்கூட மாமாவின் கல்யாணம் போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மாமா மட்டும் எப்போதும்போல இருந்தார். அதைப் பார்த்து, மாமாவுக்கு எத்தனை தைரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

வேட்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹாஜியார் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். வெள்ளைத் தாடி, கையில் தஸ்பீஹ் மணி. அதட்டிப் பேசுகிறவர் இல்லை. ஆனால் எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். உம்மா மாமாவைத் தனியாகச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"எட்டாம் நம்பரயே போடுடா. பெருசப் போட்டுத் தொலச்சிடாத. எனக்காவச் செய்யிடா."

"சரி லாத்தா" என்றார் மாமா. அடுப்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

காய்ந்த சிவப்புத் தோட்டாக்களாகப் பொறுக்கி நானே பையில் போட்டேன். ஒவ்வொன்றையும் காதருகில் ஆட்டிப் பார்த்துத்தான் போட்டேன்.

காலைத் தொழுகை முடிந்ததும் படகில் கிளம்பினோம். படகுக்காரர், ஹாஜியார், மாமா, நான். நல்ல குளிர். கத்தியைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். கிள்ளைப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வற்றி, சேறு பளபளத்தது. தூரத்தில் கிளுவைக் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. கிளுவை என்றால் வீட்டு வாத்தைவிடச் சின்னது, கறி ருசியாக இருக்கும். படகு மெதுவாக ஒதுங்கியது. மாமா துப்பாக்கியை மடக்கித் திறந்தார்.

அவர் கை என் மடியிலிருந்த பைக்கு வரவில்லை, சட்டைப் பைக்குப் போனது. எடுத்த தோட்டா பச்சையாக இருந்தது.

அவசரத்தில் மாற்றி எடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். சொல்ல வேண்டும். ஆனால் அங்கே வேற்று ஆள் உட்கார்ந்திருந்தார். வேற்று ஆள் முன்னால் எனக்கு வாய் திறக்காது. பள்ளிக்கூடத்தில் புதிதாக யாராவது வந்து என் பெயரைக் கேட்டால் பக்கத்துப் பிள்ளைதான் சொல்லும். மாமாவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன். ஒரு சிவப்புத் தோட்டாவை எடுத்து அவர் கண்ணுக்கு நேராக நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் விரல்களை அதன்மேல் மூடினார்.

"சும்மா இரு புள்ள."

பச்சைத் தோட்டா உள்ளே போனது. வழக்கமாக அவர் இன்னும் கிட்டே போகச் சொல்லுவார். அன்றைக்கு அங்கிருந்தே சுட்டார்.

கூட்டம் மொத்தமும் எழும்பிப் போனது. தவறிவிட்டது என்று நினைத்தேன். அப்போது ஒன்று மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிச் சுற்றி விழுந்தது. நான் குதித்தேன். அன்றைக்கு ஓடியதுபோல நான் அப்புறம் ஓடியதே இல்லை. சுண்டைக்காய் ரவை பட்ட பறவை துண்டு துண்டாகக் கிடக்கும் என்று பயந்துகொண்டே ஓடினேன். கிளுவை முழுசாகக் கிடந்தது. இறக்கை நுனியில் மட்டும் ரத்தம். கண் திறந்திருந்தது. நான் கையை அடியில் கொடுத்துத் தூக்கினேன். அதன் கால் என் விரலைப் பிடித்துக்கொண்டது. குழந்தை பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டது.

மாமா சேற்றில் கால் புதைந்து புதைந்து வந்து சேர்ந்தார். கத்தியை நீட்டினேன். அவர் ஒருவர் முன்னால் என்றால் எனக்குப் பேச்சு வரும்.

"உசுரு இருக்கு மாமா. சீக்கிரம்."

அவர் கத்தியை வாங்கவில்லை. பறவையை மட்டும் வாங்கினார். படகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார். அங்கே வாய்க்கால் தண்ணீர் முழங்கால் அளவு கிடந்தது. அவர் கை தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீர் கொஞ்ச நேரம் ஆடியது, அப்புறம் ஆடவில்லை.

"இல்ல புள்ள. போயிடுச்சு" என்றார். அவர் முகத்தில் தண்ணீர் தெறித்திருந்தது.

வெறுங்கையோடு திரும்பினோம். ஹாஜியார் படகில் எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். அறுப்பதற்கு முன்பே போய்விட்டது, எறிந்துவிட்டேன் என்று மாமா சொன்னார். ரவையைப் பெரிதாகப் போட்டுவிட்டேன் என்றும் தானாகவே சொன்னார். வீடுவரைக்கும் ஹாஜியார் மணியை உருட்டிக்கொண்டே வந்தார். எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாமா ஏன் அப்படிச் சொன்னார் என்று மட்டும் விளங்கவே இல்லை. உயிர் இருப்பது அவருக்குக் கையில் தெரியாமல் போனதா? என் விரலில் அந்தப் பிடி இன்னும் இருப்பதுபோலவே இருந்தது. விரலைக் கத்தி சுற்றிய துணியில் துடைத்துக்கொண்டே வந்தேன்.

உம்மா வாசலிலேயே புரிந்துகொண்டார். கிளுவைக்காகத் தேங்காய் அரைத்து வைத்திருந்தார். அதையே கொடுவா மீனுக்குப் போட்டு ஆக்கினார். ஆக்கும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஹாஜியார் மீன்குழம்பை நன்றாகப் பிசைந்து சாப்பிட்டார். மாமா எதிரே உட்கார்ந்து சோற்றை அளைந்துகொண்டிருந்தார். உம்மா கதவுக்குப் பின்னால், நான் உம்மாவுக்குப் பின்னால். கை கழுவ எழுவதற்கு முன்னால் ஹாஜியார் தொண்டையைக் கனைத்தார்.

"நான் படகுல ஒக்காந்திருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. ஒரு இழுப்பு இழுத்து ரத்தத்தக் காட்டியிருந்தா நானும் தின்னுட்டு, உங்க தம்பிய மெச்சிட்டுப் போயிருப்பேன். கல்யாணம் போனாலும் போவுதுன்னு உள்ளதச் சொல்லிட்டாரு பாருங்க. என் பொண்ணுக்கு வேற எந்த எடத்துல இந்த மாதிரி ஆளு கெடைக்கும்? நாளு பாருங்கம்மா."

உம்மாவின் கை என் தோளில் இறுகியது. மாமாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

ஹாஜியாருக்கு இப்போது முகமெல்லாம் சிரிப்பு. கதவுப் பக்கம் என்னைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, நீதான மொதல்ல ஓடுன? நீயே சொல்லு. உசுரு இருந்துச்சா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்ததே இல்லை. கண் கலங்கியிருந்தது. கெஞ்சுவதுபோல இருந்தது. பாவம் மாமா, நான் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று பயப்படுகிறார். கிடைத்த கல்யாணம் போய்விடக் கூடாதே என்று கெஞ்சுகிறார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. நான் என்ன அவ்வளவு விவரம் கெட்டவளா?

இல்லை என்று தலையாட்டினேன்.

ஹாஜியார் சிரித்தார். உம்மா சத்தம் வராமல் அழுதார். மாமாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது என்று அப்புறம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் முதுநகரில் நடந்தது. மாமி நல்லவர். மாமாவும் அவரை ஒரு சொல் அதட்டியதில்லை. பிள்ளைகள் பிறந்தன, பேரப்பிள்ளைகள் பிறந்தன. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமி அந்தக் கதையைச் சொல்லுவார். பெருமையாகச் சொல்லுவார். இவருடைய உண்மையைப் பார்த்துத்தான் எங்கள் வாப்பா என்னைக் கொடுத்தார் என்று முடிப்பார். கதை படகுவரைக்கும் வரும்போதே, தொழுகைக்கு ஒலுச் செய்ய வேண்டும் என்று மாமா எழுந்து போய்விடுவார். தன்னைப் புகழ்வது அவருக்குப் பிடிக்காது என்பார் மாமி. அவர் போகும்போது எப்போதாவது என்னைப் பார்ப்பார். சொல்லாதே என்று அன்றைக்கு அவர் என்னைக் கெஞ்சவில்லை, சொல்லிவிடு என்றுதான் கெஞ்சினார் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தபோது என் தலையில் நரை விழுந்திருந்தது.

கல்யாணத்துக்கு நாள் குறித்த மறு வாரம் மாமா தனியாகச் சிதம்பரத்துக்குப் போய்விட்டு வந்தார். கையில் தோட்டாப் பெட்டி இல்லை. எங்கேடா என்று உம்மா கேட்டதற்கு, கடையில் சரக்கு இல்லை என்றார். எனக்கு மட்டும் ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே நிறையக் கமர்கட்டு.

"அந்தக் கொட அக்காவா குடுத்தாங்க?"

"ம்" என்றார்.

"நல்லா இருக்காங்களா?"

அவர் அரிசி டின்னைத் திறந்து உள்ளே இருந்த தோட்டாக்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் மூடிவிட்டார்.

போன தடவை ஒன்று. இந்தத் தடவை ஒரு பொட்டலம். அப்படியானால் அடுத்த தடவை இன்னும் பெரிதாகக் கொடுத்துவிடுவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் அன்றைக்கே எல்லாவற்றையும் தின்று தீர்த்தேன்.